பூவுக்கு நாள் குறிப்பவர்கள்: ஊட்டி மலர்க் கண்காட்சி நாட்குறிப்பு

ஞாயிறு இரவு, ஊட்டி

மலை ரயிலில் இடம் கிடைக்கவில்லை. மே மாதத்தில் அதை நம்பிக் கிளம்பவும் முடியாது. மேட்டுப்பாளையத்தில் அரசு பஸ்ஸைப் பிடித்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். கல்லாறு சோதனைச் சாவடியில் இ-பாஸ் காட்டுவதற்காகக் கார்கள் நீள வரிசையில் நின்றன. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தப் பாஸ் வேண்டாம். ஆனால் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் யார் கொண்டுவந்தாலும் மேலே விடுவதில்லை. நல்ல ஏற்பாடு. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்து வந்தால் போதும், ஊட்டியில் தண்ணீர் ஏடிஎம்கள் இருக்கின்றன.

தோட்ட வேலை தெரிந்தவர்கள் இந்தப் பாதையில் தூங்கக் கூடாது. கல்லாற்றில் பாக்குத் தோப்புகள், புழுக்கமான ஈரக் காற்று. தோட்டக்கலைத் துறையின் பழப்பண்ணை அங்கேதான் இருக்கிறது. மங்குஸ்தானும் துரியானும் ரம்புட்டானும் அந்த அடிவார ஈரத்தில்தான் செழிக்கும். கொஞ்சம் மேலே பர்லியாறு. அங்கும் 1871-ல் தொடங்கிய ஒரு பண்ணை. அதற்கப்புறம் சில கொண்டை ஊசி வளைவுகளிலேயே பாக்கு மறைந்துவிடுகிறது. குன்னூர் நெருங்க நெருங்கத் தேயிலை, நடுநடுவே நிழலுக்கு சில்வர் ஓக். குன்னூரைத் தாண்டியதும் கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்ட அடுக்கு வயல்கள், கற்பூர மரங்களின் (யூகலிப்டஸ்) வாசம். ஊட்டி இருப்பது 2,240 மீட்டர் உயரத்தில். சமவெளியில் பல நூறு கிலோமீட்டர் போனாலும் காணக் கிடைக்காத செடி மாற்றம் இங்கே ஒரே மதியத்துக்குள் கண் முன்னால் நடந்து முடிந்துவிடுகிறது.

பூக்களைப் பார்ப்பது மட்டும் என் நோக்கம் இல்லை. திருச்சியில் தோட்டம் வைத்துப் பிழைப்பவள் நான். பெரிய வளாகங்களுக்குச் செடி வைத்துப் பராமரித்துக் கொடுக்கிறேன். பொங்கலுக்குள் பூக்க வேண்டும், ஆண்டு விழாவுக்குள் பூக்க வேண்டும் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதனால் எனக்கு ஒரே கேள்வி: ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் வளரும் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளை இவர்கள் எப்படி ஒரே வாரத்துக்குள் பூக்க வைக்கிறார்கள்? நாளை காலை கதவு திறக்கும்போதே போய்விட வேண்டும்.

திங்கள் இரவு

சீக்கிரம் போனது நல்லதாயிற்று. பத்து மணிக்குப் பிறகு அரசு தாவரவியல் பூங்காவின் முன்சாலையில் நடக்கக்கூட இடமில்லை. 2025-ல் நடக்கும் இது 127-வது மலர்க் கண்காட்சி. இந்த முறை ராஜராஜ சோழனின் அரண்மனையைப் பூவால் எழுப்பியிருக்கிறார்கள். 2023-ல் மயில், சென்ற ஆண்டு டிஸ்னி கோட்டையும் மலை ரயிலும். எல்லோரும் முதலில் அங்கேதான் ஓடுகிறார்கள், நானும் போனேன்.

லட்சத்துக்கும் மேற்பட்ட கொய்மலர்கள், பெரும்பாலும் கார்னேஷன், சாமந்தி. காம்பைக் குட்டையாக வெட்டி, நீர் பிடிக்கும் பஞ்சுக் கட்டிகளில் நெருக்கமாகச் செருகியிருக்கிறார்கள். ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நடுவே பச்சைக் கட்டி தெரியவே இல்லை. சுவரின் வளைவு வரும் இடத்தில் நிறம் மாறுவதும் பிசிறில்லாமல் இருக்கிறது. இதற்கு ஏன் கார்னேஷன் என்று பக்கத்தில் நின்ற ஒரு பையன் அவன் அப்பாவைக் கேட்டான். அவர் சொல்லவில்லை, நான் சொன்னேன்: வெட்டிய பிறகு அத்தனை நாள் தாங்கும் பூ அதிகம் கிடையாது. நல்ல கார்னேஷன் தண்ணீரில் இரண்டு வாரம் நிற்கும். குளிர் இருந்தால் இன்னும் நல்லது. ரோஜாவை இப்படிச் செருகினால் மூன்றாம் நாள் தலை தொங்கிவிடும். கார்னேஷனுக்கு எதிரி எத்திலீன் வாயு. பழுத்த பழத்திலிருந்தும் வண்டிப் புகையிலிருந்தும் வருவது. அது பட்டால் இதழ்கள் உள்ளே சுருண்டு தூங்குவது மாதிரி மூடிக்கொள்ளும். வெயில் விழும் பக்கத்தில் அப்படிச் சுருண்டவற்றை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிரமாண்டம்தான், உழைப்பும் குறைவில்லை. ஆனாலும் என் மனம் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. அது வெட்டிய பூ. வேரும் மண்ணும் இருக்கிற பூவைப் பார்க்க மலர் மாடத்துக்கு நடந்தேன்.

அங்கேதான் பகல் முழுக்கக் கழிந்தது. ஆயிரக்கணக்கான தொட்டிகள், படி படியாக அடுக்கியிருக்கிறார்கள். சைக்ளமன், பிகோனியா, ரனன்குலஸ், லில்லியம், டேலியா, பேன்சி, பெட்டூனியா, சால்வியா, ஸ்னாப்டிராகன், பால்சம், இன்கா மேரிகோல்டு. கூட்டம் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துபோகிறது. நான் தொட்டியின் விளிம்பைப் பார்த்தேன். மண்ணுக்கும் விளிம்புக்கும் நடுவே விரல் பருமன் இடைவெளி, எல்லாத் தொட்டியிலும் ஒரே அளவு. தண்ணீர் ஊற்றினால் வழிந்து ஓடாமல் நின்று இறங்க அந்த இடம் வேண்டும். அடி இலை ஒன்றுகூட மஞ்சளாக இல்லை. வாடிய பூவைக் காம்போடு கிள்ளிய தடம் தெரிகிறது, வெறும் இதழை மட்டும் உதிர்த்துவிட்டுப் போகவில்லை. இதழை மட்டும் எடுத்தால் அடியில் விதை பிடிக்கத் தொடங்கும். விதை பிடித்தால் பெட்டூனியாவும் பேன்சியும் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். இது தெரிந்த கைகள்.

அப்படி ஒரு கையையே பார்த்தேன். ஸ்வெட்டருக்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு பையோடு, ஒவ்வொரு தொட்டியாக வாடிய பூவை எடுத்துக்கொண்டே வந்தார் ஒரு ஊழியர். ஐம்பது வயது இருக்கலாம். நானும் தோட்டக்காரிதான் என்றதும் வேலையை நிறுத்தாமலே பேசினார்.

"இப்ப பாக்கறதுக்கு லேசா இருக்குதுங்க்கா. விதை போட்டது மார்கழி, தையில. அப்ப இங்க விடிஞ்சா புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கிடக்கும்."

"பனியில நாத்து கருகிப் போயிடாதா?"

"கருகும்ங்க்கா. அதுக்குத்தான் கோத்தகிரி மிலார் வெட்டிட்டு வந்து செடி மேல கவுத்து வெக்கறது. ராத்திரி பூரா மூடியிருக்கும், வெயில் வந்தா எடுக்கணும். எடுக்காம விட்டா வெளுத்துப் போகும்."

மிலார் என்பது கோத்தகிரிப் பக்கம் வளரும் ஒரு புதர்ச் செடி. பாத்திகளில் நட்ட நாற்றைச் சுற்றி அதன் கிளைகளை நட்டுக் குடிசை மாதிரி மறைப்பார்கள். உறைபனி விழுவது தெளிவான வானம் இருக்கிற இரவுகளில். பகல் சூட்டை மண் முழுவதும் வானத்துக்கு விட்டுவிடும், இலை மேல் ஈரம் உறையும், இலைக்குள் இருக்கும் நீரும் உறைந்து செல்களைச் சிதைக்கும். காலை வெயில் பட்டதும் வெந்தது போலக் கறுத்துவிடும். மேலே ஒரு தழை மறைப்பு இருந்தாலே மண்ணின் சூடு தங்கிவிடுகிறது. பிளாஸ்டிக் தாள் போட்டால் இலை தாளில் ஒட்டும் இடத்தில் உறையும். காற்று நடமாட்டமும் இருக்காது. தழைக்கு அந்தக் குறை இல்லை.

டேலியாவைக் காட்டி, "இதுக்கெல்லாம் முனை கிள்ளியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"கிள்ளாம விட்டா ஒத்தையா ஓடிருமே. கிள்ளினா பூ பத்துப் பதினஞ்சு நாளு தள்ளிப் போகும். அந்த நாளையும் சேத்துக் கணக்குப் பண்ணித்தான் நடறது. எல்லாத்தையும் ஒரே நாள்ல விதைக்கறதில்லீங்க்கா. வாரம் விட்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமா. முந்திக்கறது முந்திக்கும், பிந்தறது பிந்தும், எப்படியும் ஒரு ஈடு கைக்கு வந்துரும்."

நேற்றிலிருந்து சுமந்துகொண்டிருந்த கேள்விக்கு இதுதான் பதில். திறப்பு விழா நாளை நடுவில் வைத்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள். ஒவ்வொரு செடிக்கும் எண்ணிக்கை வேறு. பிரெஞ்சு மேரிகோல்டு சமவெளியில் இரண்டு மாதத்தில் பூத்துவிடும். பெட்டூனியாவுக்கு மூன்று மாதம். ஸ்னாப்டிராகனுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். இங்கே இரவுக் குளிர் எல்லாவற்றையும் இன்னும் இழுத்துப்போடும். லில்லியம் கிழங்கு முன்னரே குளிரூட்டி வைத்தது, நட்டதிலிருந்து மூன்று நான்கு மாதத்தில் மலரும், ரகத்துக்கு ரகம் நாள் மாறும். சைக்ளமனை விதையிலிருந்து கொண்டுவருகிறவர் கிட்டத்தட்ட ஒரு வருடம் முன்னால் யோசிக்க வேண்டும். இதற்கு மேல் அந்த வருடத்தின் மேகமூட்டம், கோடை மழை. வெயில் ஒரு வாரம் குறைந்தால் கணக்கு முழுவதும் ஆடும். வாரம் விட்டு வாரம் விதைப்பது அதற்காகத்தான். பின்னால் நாற்றங்காலில் பாதி விரிந்த தொட்டிகள் காத்திருக்கின்றன. முன்னால் ஒன்று களைத்துப்போனால் விடியும் முன்பே அதை எடுத்துவிட்டு மாற்றுத் தொட்டி வைக்கிறார்கள்.

கிளம்பும்போது அவர் சொன்னது: "இது முடிஞ்சதும் ஆடியில ரெண்டாவது சீசனுக்கு மறுபடி விதைக்கணும்." செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாம் சீசனுக்கு இப்போதிருந்தே அவர் மனதில் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜப்பானிய மலர் அலங்காரமான இகெபானா, போன்சாய், காய்கறிச் சிற்பம் எல்லாம் இருந்தன, ஒரு சுற்றுப் பார்த்தேன். போட்டிக்கு வந்த தொட்டிகளில் ஒரு பிகோனியா மட்டும் நினைவில் நிற்கிறது. உள்ளங்கை அகலப் பூ, ஆரஞ்சு நிறம், அத்தனை கனத்துக்கும் காம்பு வளையாமல் நின்றது.

செவ்வாய் மாலை

இரவு மழை. காலையில் பாத்திகளில் இருந்த பெட்டூனியா முழுவதும் ஈரத் துணி மாதிரி மண்ணில் ஒட்டிக் கிடந்தது. பேன்சி நிமிர்ந்து நின்றது. டேலியாவுக்குக் குச்சி கட்டியிருந்ததால் தப்பித்தது. மழை பெய்த மறுநாள் ஒரு தோட்டத்தைப் பார்த்தால்தான் அது எப்படிப் போடப்பட்டது என்று தெரியும். பாத்தி ஒன்றில்கூடத் தண்ணீர் தேங்கவில்லை. தொட்டபெட்டாச் சரிவில் 22 ஹெக்டேர் நிலம் இது. அத்தனை மேட்டிலிருந்தும் வரும் தண்ணீர் எங்கே போகிறது என்று தொடர்ந்து போய்ப் பார்த்தேன். பாதையோரக் கல் வாய்க்கால்கள், புல்லுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத சாய்வு, கீழே குளம்.

இந்தச் சாய்வுகளை அமைத்தவர் வில்லியம் கிரகாம் மெக்ஐவர். லண்டன் கியூ தோட்டத்தில் தொழில் கற்று 1848-ல் இங்கே வந்தவர். அவருக்கு முன்பு இங்கே இருந்தது காய்கறித் தோட்டம். ஊட்டியில் குடியிருந்த ஐரோப்பியர்கள் ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா கட்டி, முட்டைக்கோசும் பீன்ஸும் விளைவித்துப் பங்கிட்டுக்கொண்டார்கள். அது சரியாக நடக்காமல்தான் தாவரவியல் தோட்டமாக மாறியது. மேலே காடு, கீழே சதுப்பு. அந்த நிலத்தைத்தான் இன்று நாம் புல்வெளி என்று உட்கார்ந்து படம் எடுக்கிறோம்.

மெக்ஐவரைப் பற்றி எனக்குப் பிடித்த செய்தி வேறு. மலேரியாவுக்கு மருந்தான கொய்னா எடுக்கும் சின்கோனா மரத்தை 1860-களில் நீலகிரியில் வளர்த்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பட்டையை உரித்தால் மரம் சாகும். அவர் பட்டையை நீள நீளக் கீற்றாக மட்டும் உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டச் செய்தார். ஈரம் காயாத அந்த இடத்தில் புதுப் பட்டை வளர்ந்தது. மரமும் பிழைத்தது, திரும்ப உரிக்கவும் முடிந்தது. காயத்தை ஈரமாக மூடி வைத்தால் மரம் தானே ஆற்றிக்கொள்ளும் என்று புரிந்துகொண்ட தோட்டக்காரர். பதியன் போடும்போது நாம் இன்றும் செய்வதும் அதே வேலைதான். 1876-ல் இறந்தார், செயின்ட் ஸ்டீபன் தேவாலயக் கல்லறையில் இருக்கிறார்.

கூட்டம் ஏறாத மேல் பக்கம்தான் எனக்கு நிறைவாக இருந்தது. பெரணி இல்லம், உரிந்து உரிந்து தாள் போலப் பட்டை விடும் காகித மரம், குரங்கு ஏற முடியாத முள்ளிலை மரம், 2 கோடி ஆண்டு பழையது என்று சொல்லப்படும் கல்மரம். அதற்கும் மேலே தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து. மரங்களின் அடியில் யாரும் இல்லை. எல்லோரும் கீழே அரண்மனை முன்னால் வரிசையில் நிற்கிறார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. மாடத்தில் நேற்று பார்த்த பூக்களின் சொந்த ஊர்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். மேரிகோல்டும் டேலியாவும் மெக்சிகோ. பெட்டூனியா, சால்வியா தென் அமெரிக்கா. சைக்ளமன் மத்தியதரைக் கடல் ஓரம். ரனன்குலஸும் அந்தப் பக்கம்தான். நீலகிரியின் பூ எங்கே? லில்லியம் தொட்டிகளுக்கு முன்னால் அத்தனை பேர் படம் எடுத்தார்கள். நீலகிரிக்கென்றே ஒரு லில்லி உண்டு, லில்லியம் நீல்கெரன்ஸ் என்று தாவரவியலாளர் ராபர்ட் வைட் பெயர் வைத்தது. தென்னிந்திய மலைகளுக்குச் சொந்தமான ஒரே அசல் லில்லி. வெள்ளை நிறம், நீண்ட குழல், மணம் உண்டு. மாடத்தில் அது இல்லை.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. அது பூப்பது ஆகஸ்டுக்கு மேல், மழைக்குப் பிறகு. இந்த மலையின் காசித்தும்பை வகைகளும் பெரும்பாலும் மழைக்காலத்துப் பூக்கள். குறிஞ்சியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூணாறு மலைகளில் 2006-லும் 2018-லும் பூத்தது, அடுத்து 2030. எந்தத் திறப்பு விழாவுக்கும் அது தேதி மாற்றிக்கொள்ளாது. மே மாதம் என்பது சமவெளியிலிருந்து நாம் வெயிலுக்கு ஓடிவரும் மாதம். மலைக்கு அது பூக்கும் மாதம் இல்லை. நமக்காக வெளியூர்ச் செடிகளைக் கொண்டு மலையை ஒரு வாரம் பூக்க வைக்கிறார்கள்.

புதன் இரவு

தங்கியிருக்கும் விடுதி முற்றத்தில் ஒரு ஹைட்ராஞ்சியா புதர், மனிதர் உயரம். பூ நல்ல நீலம். இதைப் பார்த்துவிட்டுச் செடி வாங்கிக் கீழே கொண்டுபோகிறவர்களுக்காக எழுதுகிறேன். அந்த நீலம் ரகத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது. நீலகிரி மண் அமிலத்தன்மை உடையது. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், அதுதான் பூவை நீலமாக்குகிறது. கார மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரின் உப்புக்கும் சுண்ணாம்புக்கும் இலையே மஞ்சளடித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மே வெயில் மிச்சத்தை முடித்துவிடும். தயவுசெய்து வாங்காதீர்கள். ஃபியூஷியா, சைக்ளமன், கிழங்கு பிகோனியா மூன்றுக்கும் இதையே சொல்வேன். ஆசைக்கு வாங்கி ஒரு உயிரை இரண்டு மாதம் சாகவிடுவதில் என்ன இருக்கிறது?

காலையில் எல்க் ஹில் ரோஜாப் பூங்கா. நூறாவது மலர்க் கண்காட்சியின் நினைவாக 1995-ல் அமைத்தது. மலைச்சரிவை வளைந்து வளைந்து அடுக்குகளாக வெட்டி, சுமார் 4 ஹெக்டேரில் ரோஜா மட்டும். 2006-ல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு இதைச் சிறந்த தோட்டம் என்று ஜப்பானின் ஒசாகாவில் கௌரவித்தது. ரோஜாக் கண்காட்சி இந்த மாத முற்பகுதியிலேயே முடிந்துவிட்டதால் கூட்டம் குறைவு. பூவும் முதல் ஈடு முடிந்து கொஞ்சம் தளர்ந்திருந்தது. மழை பட்ட மொட்டுகளில் சில விரியாமல் பழுப்பேறி அழுகியிருந்தன, கீழ் இலைகளில் கரும்புள்ளி. நிறைய இதழ் உள்ள ரகங்களில்தான் இந்தப் பாடு அதிகம். ஐந்தாறு இதழ் ரகங்கள் மழையை உதறிவிட்டு நிற்கின்றன.

கத்தரி பட்ட இடங்களைப் பார்த்தபடி நடந்தேன். கவாத்து வெட்டு வெளிநோக்கிய கண்ணுக்கு, அதாவது துளிர் வரும் கணுவுக்குச் சற்று மேலே, சரிவாக, எல்லாச் செடியிலும் ஒரே கோணம். இங்கே கவாத்து செய்வது குளிர் முடியும் தறுவாயில், சித்திரை வைகாசிப் பூவுக்காக. நம் பக்கம் மழை விட்டதும் செய்தால் ஒன்றரை மாதத்தில் பூ வரும், இவர்களுக்கு அதைவிட அதிக நாள் பிடிக்கிறது. பச்சை ரோஜாவை ஒரு சிறுமி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் இதழ் என்று நாம் நினைப்பது எல்லாம் இலை போலவே மாறிய பகுதிகள். வாசம் கிடையாது, அழகென்றும் சொல்ல முடியாது. ஆனால் ரோஜா என்பது எதனால் ஆனது என்பதை அதைவிட நன்றாக எதுவும் காட்டாது.

பிற்பகல் தொட்டபெட்டாவுக்குப் போனேன். 2,637 மீட்டர், தமிழ்நாட்டின் உச்சி. எல்லோரும் தொலைநோக்கி இல்லத்துக்குப் போக, நான் சோலையின் ஓரத்தில் காட்டுப் பூவரசைத் தேடினேன். ரோடோடென்ட்ரான் இனம். இமயமலையில் பல வகைகள் உண்டு. அங்கிருந்து இவ்வளவு தூரம் தெற்கே, நடுவில் எங்கும் இல்லாமல், நம் உயர்மலைகளில் மட்டும் தனியாக நிற்பது இது. பூ முடிந்துவிட்டது. முறுக்கிய அடிமரம், பாசி பிடித்த கிளை, நுனியில் காய்ந்த காய்க்கொத்துகள். குளிர்காலம் முடியும்போது வந்திருந்தால் மரம் முழுக்கச் சிவப்பாக இருந்திருக்கும்.

நேற்று தோன்றியது இன்னும் தெளிவாயிற்று. மலர் மாடத்தில் ஒரே ஒரு படி, ஒன்றே ஒன்று, இந்த மலைக்குரிய செடிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன். பூக்காவிட்டால் என்ன? காட்டுப் பூவரசின் ஒரு கன்று, குறிஞ்சிச் செடி, லில்லியின் கிழங்கு தொட்டியில், பக்கத்தில் பூத்தபோது எடுத்த படமும் பூக்கும் மாதமும் எழுதிய பலகை. லட்சக்கணக்கான பேர் வரும் இடம் இது. வருகிறவர்கள் நீலகிரி என்றால் பெட்டூனியா என்று நினைத்துக்கொண்டு இறங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இரண்டாம் சீசன் அந்த லில்லியின் காலத்தோடு சேர்ந்து வருகிறது. அப்போதாவது நாற்றங்காலில் பெருக்கிய சில கிழங்குகளை மாடத்தில் வைக்கலாம். காட்டிலிருந்து தோண்டிக்கொண்டு வராமல், விதையிலிருந்து. மார்கழிப் பனியில் மிலார் கவிழ்த்து நாற்றைக் காப்பாற்றும் கைகளுக்கு அது முடியாத வேலை இல்லை.

வியாழன், இறங்கும் வழியில்

கோடை விழா கோத்தகிரி நேரு பூங்காவின் காய்கறிக் கண்காட்சியில் தொடங்கி, குன்னூர் சிம்ஸ் பூங்காவின் பழக் கண்காட்சியில் முடிவது வழக்கம். பழக் கண்காட்சிக்கு நிற்க முடியவில்லை, வேலை கூப்பிடுகிறது. கோத்தகிரி வழியாகவே இறங்கினேன். சீசனில் சுற்றுலா வண்டிகளும் இந்த வழியாகத்தான் கீழே போக வேண்டும் என்பதால் சாலை நிறைந்திருந்தது, பஸ் மெதுவாக நகர்ந்தது. அதனால் தேயிலைக்கு நடுவே இருக்கும் பசுமைக்குடில்களைப் பார்க்க நேரம் கிடைத்தது. உள்ளே வலை கட்டிய வரிசைகளில் கார்னேஷன். பக்க மொட்டுகளை நீக்கி ஒரு தண்டுக்கு ஒரு பூ விடுகிறார்கள். சந்தைக்கு அனுப்பும் பூவை இதழ் நுனி எட்டிப் பார்க்கும்போதே வெட்டுவார்கள். கண்காட்சிச் சுவருக்கு முழுதாக விரிந்தது வேண்டும். ஒரே செடிக்கு வாங்குகிறவர்களைப் பொறுத்து அறுவடை நாள் மாறுகிறது.

பஸ்ஸில் நோட்டை விரித்துத் தை முதல் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். எங்கள் பக்கத்துக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன், தோட்டம் வைத்திருப்பவர்கள் முயன்று பாருங்கள். பெட்டூனியாவும் டயான்தஸும் புரட்டாசிக் கடைசியில் விதைக்க வேண்டும். சால்வியா ஐப்பசி முதல் வாரம். முனை கிள்ளுவதாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் முன்னால். பிரெஞ்சு மேரிகோல்டு கார்த்திகை பிறந்ததும் போட்டால் போதும். ஒவ்வொரு வகையையும் ஒரு வாரம் விட்டு இரண்டு ஈடாகப் பிரித்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் உறைபனி இல்லை. நமக்குக் குறுக்கே நிற்பது ஐப்பசி அடைமழையும் அதோடு வரும் நாற்றழுகலும். ஆகவே குழித்தட்டுகளைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயர மேடையில் வைத்து, மேலே ஒளி புகும் தகடு மட்டும் போட்டு, நாலு பக்கமும் காற்றுக்குத் திறந்து விட வேண்டும். தண்ணீர் காலையில் மட்டும்.